பெட்டிக்குள் புகும் வெயில்

புதன்கிழமைதோறும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் ஒரு சின்னப் பெட்டி வந்து போகிறது. கிராம சுகாதார செவிலியர் தோளில் மாட்டியோ ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்தோ கொண்டுவரும் தடுப்பூசிப் பெட்டி அது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திலும் சரி, உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிக்கரை ஊர்களிலும் சரி, மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும் அந்தப் பெட்டிக்குள் 2 டிகிரிக்குக் கீழே போகவும் கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறவும் கூடாது. வயர் கிடையாது, பேட்டரி கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது. நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பேக், நடுவில் மருந்து, சுற்றிலும் தடித்த நுரைச் சுவர், மேலே இறுக்கமான மூடி, அவ்வளவுதான். திறக்காமல் வைத்தால் சுமார் 12 மணி நேரம் தாங்கும். கரண்ட் இல்லாத இடத்துக்குக் குளிரைச் சுமந்து போவதில் இதைவிட அனுபவப்பட்ட பெட்டி நம் நாட்டில் வேறில்லை.

இப்போது கடைகளிலும் ஆன்லைனிலும் வேறு வகைப் பெட்டிகள் வருகின்றன. 12 வோல்ட்டில் ஓடும் கையடக்க ஃபிரிட்ஜ். ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கப் போகிறவர்கள், மின் இணைப்பு வராத நிலத்தில் கொட்டகை போட்டிருப்பவர்கள், வேனில் கோயில் கோயிலாகச் சுற்றும் குடும்பங்கள், கால்நடை மருந்து கொண்டுபோகிறவர்கள் என்று பலரும் விசாரிக்கிறார்கள். எத்தனை லிட்டர், எத்தனை பாட்டில் பிடிக்கும், எத்தனை ஏ.எச். பேட்டரி வேண்டும் என்பதுதான் கேள்வியாக இருக்கிறது. என்னைக் கேட்டால், பேட்டரி கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பெட்டிக்குள் நாள் ஒன்றுக்கு எவ்வளவு வெப்பம் நுழைகிறது என்பதே முதல் கேள்வி. விலைப்பட்டியலில் அந்த எண் மட்டும் இருக்காது.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்கும் இயந்திரம் அல்ல. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டும் இயந்திரம். கிணற்றில் ஏற்றம் இறைப்பது போன்ற வேலை: பள்ளத்தில் இருப்பதை மேட்டுக்கு ஏற்ற வேண்டும், கிணறு ஆழமாக ஆழமாக ஒவ்வொரு சாலுக்கும் கூடுதல் உழைப்பு. இங்கே ஆழம் என்பது உள்ளே இருக்கும் 4 டிகிரிக்கும் வெளியே அடிக்கும் வெயிலுக்கும் உள்ள இடைவெளி. கொடைக்கானலில் 18 டிகிரியில் சுகமாக ஓடும் பெட்டி, கூரத்து மே மாதத்தில் மூச்சு வாங்குவது இதனால்தான். இறைப்பு கடினமாவது ஒரு பக்கம். வெளியே சூடு ஏறினால் சுவர் வழியே ஊறி வரும் வெப்பமும் கூடுகிறது. அதாவது இரண்டு வழியிலும் அடி.

எவ்வளவு ஊறும் என்பதை ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். 45 லிட்டர் பெட்டியின் சுவர்ப் பரப்பு, மூடியும் அடியும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். சுவருக்குள் நிரப்பியிருக்கும் பாலியூரித்தேன் நுரையின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.025 வாட். நுரை 4 செ.மீ. தடிமன் என்று வைப்போம். மே மாதத்தில் நிழலில் இரவு பகல் சராசரி 34 டிகிரி, உள்ளே 4 டிகிரி, இடைவெளி 30. பெருக்கி வகுத்தால் கிட்டத்தட்ட 19 வாட் வருகிறது. மூடி விளிம்பின் ரப்பர் வழியே கசிவது, திறந்து மூடுவது எல்லாம் சேர்த்து 25 வாட். சின்ன குண்டு பல்பு ஒன்று பெட்டிக்குள் இரவு பகலாக எரிந்தால் எவ்வளவு சூடோ அவ்வளவு. ஒரு நாளைக்கு 600 வாட்-மணி வெப்பம்.

நல்ல சிறு கம்ப்ரஸர் இந்த மாதிரி வெயிலில் ஒரு பங்கு மின்சாரம் செலவழித்து ஒன்றரைப் பங்கு வெப்பத்தை வெளியேற்றும். ஆக, 600 வாட்-மணி வெப்பத்துக்கு 400 வாட்-மணி மின்சாரம். ஓடும்போது 50 வாட் இழுக்கும் கம்ப்ரஸர் என்றால் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடுகிறது என்று பொருள். இந்த 400 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வரும். நுரை 8 செ.மீ. தடிமனாக இருந்தால் சுவர் வழிக் கசிவு பாதியாகிறது, நாளுக்கு 150 வாட்-மணி மின்சாரம் மிச்சம். பேட்டரியில் பணத்தைப் போடுவதற்கு முன் சுவர்த் தடிமனைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கடையில் பெட்டியின் வெளி அளவையும் உள் அளவையும் டேப் வைத்து அளந்து, கழித்து, இரண்டால் வகுத்தால் தடிமன் தெரிந்துவிடும். விற்பனையாளர் ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

சுவரின் மகிமையை மதராஸ் ஒரு காலத்தில் நேரிலேயே பார்த்திருக்கிறது. 1833-இல் அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, 'டஸ்கனி' என்ற பாய்மரக் கப்பலில் 180 டன் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், இடையில் இரண்டு முறை பூமத்திய ரேகையைக் கடக்க வேண்டும். வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது. காப்பு என்று இருந்ததெல்லாம் மரத்தூள், வைக்கோல், பலகைச் சுவர் மட்டுமே. அதே டூடரின் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கிடங்குதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்றும் நிற்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். மரத்தூள் பாதி வேலை செய்தது. மீதியைச் செய்தது கட்டியின் பருமன். பெரிய கட்டிக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு. ஐஸ் ஃபேக்டரியில் வாங்கும் பார் ஐஸ் மறுநாள் வரை நிற்கும்போது, அதே எடைத் தூள் ஐஸ் மதியத்துக்குள் தண்ணீராகிவிடுவதும் இதே கணக்குதான்.

இயந்திரத்துக்கு வருவோம். சந்தையில் மூன்று வகை உண்டு, ஆனால் நம் ஊர் வெயிலுக்கு உண்மையில் ஒன்றுதான்.

மலிவான பெட்டிகள் பெல்டியர் வகை. ஜான் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1834-இல் கண்டறிந்த விளைவு அது: இரண்டு வேறுபட்ட கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். அசையும் பாகம் என்று ஒரு மின்விசிறி மட்டுமே. சத்தமில்லை, எடையில்லை, ரிப்பேரும் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளி வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் இது குறைக்கும். ஐரோப்பாவில் வெளியே 24 டிகிரி என்றால் உள்ளே 4 டிகிரி, பிரமாதம். நமக்கு வெளியே 38 என்றால் உள்ளே 18. பால் அந்த 18 டிகிரியில் கெடாமல் இருக்காது. கொஞ்சம் தாமதமாகக் கெடும். அதோடு, கம்ப்ரஸர் போலக் குளிர்ந்ததும் நின்று ஓய்வெடுக்காமல் 50 வாட்டை இடைவிடாமல் இழுத்தால் நாளுக்கு 1200 வாட்-மணி. கம்ப்ரஸரைப் போல மூன்று மடங்கு செலவு, கிடைப்பதோ பாதிக் குளிர்.

இதை நம் நாட்டிலேயே பெரிய அளவில் முயன்று பார்த்திருக்கிறார்கள். கோத்ரெஜ் நிறுவனம் ஃபிரிட்ஜ் வாங்க முடியாத, கரண்ட் ஒழுங்காக வராத கிராமத்து வீடுகளை மனதில் வைத்து 'சோட்டுகூல்' என்ற பெட்டியை உருவாக்கியது. மகாராஷ்டிரத்துக் கிராமப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு வடிவமைத்தார்கள். 43 லிட்டர், மேல்பக்கம் திறக்கும் மூடி, 12 வோல்ட்டில் ஓடும், ஒரு ஆள் தூக்கிவிடலாம். உள்ளே இருந்தது கம்ப்ரஸர் அல்ல, இந்தத் தெர்மோஎலெக்ட்ரிக் சில்லுதான். உலகமெங்கும் நிர்வாகவியல் வகுப்புகளில் உதாரணம் காட்டும் அளவுக்குப் புகழ் பெற்றது. எந்த வீடுகளுக்காக உருவாக்கினார்களோ அந்த வீடுகளில் அது எதிர்பார்த்தபடி நிலைக்கவில்லை. பிற்பாடு காரில் வைத்துப் போகவும் சின்னக் கடைகளுக்கும் என்று நகரத்துப் பக்கம் திரும்பியது. விலை, விற்பனை முறை என்று காரணங்கள் பல சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்த 20 டிகிரியும் ஒரு காரணம் என்றே படுகிறது. சிலுசிலுவென்ற தண்ணீர் கேட்டவர்களுக்குக் குளுமையான தண்ணீர் கொடுத்தால், பானையே போதும் என்றுதான் சொல்வார்கள். பானை மட்டும் என்ன, 40 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் நல்ல மண்பானை 27 டிகிரியை நெருங்கும், மின்சாரமே இல்லாமல். ஐப்பசி, கார்த்திகையில் காற்று முழுக்க ஈரமாக இருக்கும்போது அதன் வித்தை பலிக்காது, அது வேறு விஷயம்.

இரண்டாவது வகை சமையல் கேஸில் ஓடுவது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் மூடிய குழாய்க்குள் சுற்றவிட்டு, தீயைக் கொண்டே குளிர்விக்கும் வினோதம். 1922-இல் சுவீடன் மாணவர்கள் இருவர் கண்டுபிடித்தது. பெட்டி சாய்ந்தால் சரியாக வேலை செய்யாது, கடும் வெயிலில் தளர்ந்துவிடும், கூடாரத்துக்குள் வைத்து எரிக்கவும் கூடாது. இதை விட்டுவிடலாம்.

மிஞ்சுவது கம்ப்ரஸர். 12 அல்லது 24 வோல்ட் டி.சி.யில் நேரடியாக ஓடும், தேவைக்கேற்ப வேகம் மாறும் சிறு கம்ப்ரஸர். டான்ஃபாஸ் கம்பெனியின் பி.டி.35 என்ற மாடல் படகுகளிலும் லாரிகளிலும் பல ஆண்டு ஓடி இந்த வகைக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. அந்தத் தொழில் இப்போது செகாப் என்ற பெயரில் நடக்கிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது சில உண்டு: மூடி மேல்பக்கம் திறக்கிறதா (குளிர்ந்த காற்று கனமானது, மேலே திறந்தால் உள்ளேயே கிடக்கும், பக்கவாட்டில் திறந்தால் காலடியில் கொட்டிவிடும்), விளிம்பு ரப்பர் சுற்றிலும் ஒட்டுகிறதா, சூடான காற்று வெளியேறும் சல்லடை எந்தப் பக்கம் இருக்கிறது. அந்தச் சல்லடைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடாமல் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே பெட்டியைச் செருகினால், கொட்டிய வெப்பத்தையே திரும்ப இறைத்துக்கொண்டிருக்கும்.

பெட்டி வாங்கியாயிற்று. அதற்குள் என்ன வைப்பது என்பதில்தான் பலரும் பேட்டரியைக் கோட்டை விடுகிறார்கள். 34 டிகிரியில் இருக்கும் பத்து லிட்டர் தண்ணீரை உள்ளே வைத்து 4 டிகிரிக்குக் கொண்டுவர 350 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மின்சாரக் கணக்கில் 230. ஒரு நாள் முழுக்கச் சுவர் வழியே ஊறுவதற்கான செலவில் பாதிக்கும் மேல், வெறும் தண்ணீர் பாட்டிலுக்கே போய்விடுகிறது. ஆகவே வீட்டுக் கரண்டிலேயே முந்தின இரவு பெட்டியை ஓட்டி, வைக்கப்போகும் எல்லாவற்றையும் வீட்டு ஃபிரிட்ஜிலேயே குளிர்வித்து, அப்படியே மாற்ற வேண்டும். புதிதாக வாங்கும் தண்ணீரை மண்பானையிலோ ஈரத்துணி சுற்றியோ 27 டிகிரிக்கு இறக்கிவிட்டு உள்ளே வைத்தால்கூடக் கால்வாசி மிச்சம்.

உள்ளே வைக்கவே வேண்டாத பொருள்களும் நிறைய. இந்த விஷயத்தில் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி, சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைப்பது. சாதாரண இட்லியைப் போல மாலைக்குள் ஊசிப்போகாது. புளியோதரை, மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி, தொக்கு, பால் விட்டுப் பிசைந்த தயிர்சாதம் எல்லாமே ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துப் பயணத்துக்காகச் சமைத்த சமையல். பால், மீன், இறைச்சி, மாவு, மருந்து என்று குளிர் இல்லாமல் முடியாதவற்றை மட்டும் பட்டியலிட்டால், 45 லிட்டர் தேடி வந்தவர் 20 லிட்டரிலேயே நின்றுவிடுவார். சின்னப் பெட்டிக்குச் சின்னச் சுவர், சின்னச் செலவு.

சரி, குளிரை எதில் சேமிப்பது? பேட்டரியில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஐஸும் ஒரு சேமிப்புதான். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல், அதாவது 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்குகிறது. அதுவும் 0 டிகிரியிலேயே நின்றபடி. ஐந்து கிலோ ஐஸ் 465 வாட்-மணி வெப்பத்தை உறிஞ்சும். அதே வேலையைக் கம்ப்ரஸர் செய்ய 310 வாட்-மணி மின்சாரம் வேண்டும். எடையில் பார்த்தால் இன்றைய லித்தியம் பேட்டரி ஐஸை முந்திவிட்டது: அந்த மின்சாரத்தைத் தர மூன்று கிலோ லித்தியம் போதும். ஐஸ் பெட்டிக்குள் இடத்தையும் அடைக்கும். ஆனால் ஐஸ் வீட்டு ஃப்ரீசரில் சும்மா கிடைப்பது, உருகினால் குடிக்கலாம், சார்ஜர் வேண்டாம், கெட்டுப்போவதற்கும் அதில் ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு இரவுப் பயணத்துக்கு நல்ல சுவருள்ள ஐஸ் பெட்டியே போதும், ஃபிரிட்ஜே வேண்டாம் என்பது என் கட்சி. பத்துக் கிலோ ஐஸ் நுரைப் பெட்டியில் ஒன்றரை நாள் நிற்கும். மீன்காரர்களின் தெர்மாகோல் பெட்டியிலேயே ஒரு நாள் நிற்கிறது.

செவிலியரின் பெட்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் வைக்கமாட்டார்கள். வெளியே வைத்திருந்து, அவ்வப்போது காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால்தான் அது தயார். ஃப்ரீசரில் ஐஸ் மைனஸ் 15, மைனஸ் 20 என்று கிடக்கும். அதை ஒட்டி வைத்த மருந்தும் உறைந்துவிடும். ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் வெயிலைவிட உறைபனிக்கு அதிகம் பயப்படுபவை. ஒருமுறை உறைந்தால் வீண். ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும் வரை வெப்பநிலை 0 டிகிரியைவிட்டு நகராது என்பது இயற்பியல் பாடம். அந்தச் சளக் சத்தம் கேட்டால் தெர்மாமீட்டர் இல்லாமலே 0 டிகிரி உறுதி. இன்சுலின் கொண்டுபோகிறவர்கள் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்சுலினும் உறைந்தால் பயனில்லை. ஐஸ் பேக்கில் நேராகப் படாமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

குளிரைப் பேட்டரியைவிட ஐஸில் சேமிப்பதே மேல் என்பதை மருத்துவத் துறை பட்டுத் தெரிந்துகொண்டது. 1980-களில் மின்சாரம் எட்டாத ஊர்களின் சுகாதார நிலையங்களுக்கு சோலார் ஃபிரிட்ஜ்கள் போயின, பேட்டரியோடு. சில ஆண்டுகளில் பேட்டரி செத்தது. புது பேட்டரி வாங்கப் பணம் வரவில்லை. நல்ல ஃபிரிட்ஜ் அலமாரியாகிப் போனது. பின்னால் வந்த தலைமுறையில் பேட்டரியையே எடுத்துவிட்டார்கள். பேனலிலிருந்து நேராகக் கம்ப்ரஸருக்கு மின்சாரம்; பகலில் உள்ளே ஐஸ் கட்டும், இரவில் அந்த ஐஸ் காக்கும். வேல்ஸ் நாட்டின் ஷூர் சில் நிறுவனம் இதில் தண்ணீரின் இன்னொரு குணத்தையும் பயன்படுத்தியது: தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. அந்த 4 டிகிரித் தண்ணீர் தானாகவே அடியில் தங்கும். அதை மருந்தைச் சுற்றி நிறுத்தினால் உறையவும் உறையாது, சூடாகவும் ஆகாது. இதே நுட்பத்தில் கோத்ரெஜ் இந்தியாவில் தடுப்பூசி ஃபிரிட்ஜ் தயாரிக்கிறது. கூடாரவாசிகளும் இந்தத் தந்திரத்தைக் கடன் வாங்கலாம். வெயில் இருக்கும்போது பெட்டியைக் கூடுதல் குளிரில் ஓட்டித் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துவிட்டு, மாலையில் 4 டிகிரிக்கு ஏற்றிவைத்தால் முன்னிரவு பாட்டில்களிலேயே கழிந்துவிடும்.

ஒன்றிரண்டு இரவுக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்குத்தான் பேட்டரி, பேனல் பேச்சு. இதில் முதலில் இன்வெர்ட்டரைத் தூக்கி வீட்டில் வைத்துவிடுங்கள். பேட்டரியின் டி.சி.யை 230 வோல்ட் ஏ.சி. ஆக்கி, அந்த ஏ.சி.யை ஃபிரிட்ஜின் அடாப்டர் மறுபடி 12 வோல்ட் டி.சி. ஆக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. மாற்றத்தில் போவது பத்துப் பதினைந்து சதவீதம்தான். ஆனால் இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே 15 வாட் சாப்பிட்டால், நாள் முழுக்க 360 வாட்-மணி. நம் ஃபிரிட்ஜின் 400-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது! ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, வீடுகளுக்கே 48 வோல்ட் டி.சி. லைன் இழுத்து இன்வெர்ட்டர் இல்லாமல் விளக்கும் மின்விசிறியும் ஓட்டும் முறையைக் கொண்டுவந்தபோது அடிப்படை எண்ணம் இதுதான். ராஜஸ்தானின் பாலைவனக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது போயிருக்கிறது.

48 வோல்ட் ஏன்? இங்கேதான் வயர் வருகிறது. வோல்ட் குறையக் குறைய, அதே வாட்டுக்கு ஆம்பியர் கூடும், வயரில் இழப்பும் கூடும். 12 வோல்ட்டில் 60 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் பாய வேண்டும். பேட்டரி காரில், ஃபிரிட்ஜ் ஐந்து மீட்டர் தள்ளி மரத்தடியில். போக வர பத்து மீட்டர் செம்பு. சாதாரண 0.75 சதுர மி.மீ. வயர் என்றால் வழியிலேயே 1.1 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். பேட்டரி முனையில் 12.3 வோல்ட் நன்றாகவே இருக்கும், ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேருவதோ 11.1. கார் பேட்டரி காலியாகி வண்டி கிளம்பாமல் போகக் கூடாதென்று இந்தப் பெட்டிகளில் வோல்டேஜ் குறைந்தால் நிறுத்திவிடும் பாதுகாப்பு உண்டு. அது 'பேட்டரி தீர்ந்தது' என்று முடிவுகட்டி நிறுத்திவிடும். பாரம் நின்றதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். புது ஃபிரிட்ஜ் பழுது என்று திருப்பித் தருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் வயர்தான் பழுது. 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், சிகரெட் லைட்டர் பிளக்குக்குப் பதில் இறுகப் பூட்டும் கனெக்டர். செலவு சில நூறு ரூபாய்.

பேட்டரிக் கணக்கு இனி எளிது. நாளுக்கு 400, வெயிலே இல்லாத இரண்டு நாள் தாங்க 800, கொஞ்சம் கையிருப்பு சேர்த்து 1000 வாட்-மணி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 12.8 வோல்ட், 80 முதல் 100 ஏ.எச்.; பத்துப் பன்னிரண்டு கிலோ. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும். ஆசிட்டோடு ஐம்பது கிலோவுக்கு மேல் எடை வேறு. கொட்டகைக்குச் சரி, கூடாரத்துக்குச் சரிப்படாது. 'எம்.ஏ.எச்.' என்று பெரிய எண் போட்டு விற்கும் பவர் பேங்க்குகளில் ஏமாறவேண்டாம். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. 50,000 எம்.ஏ.எச். என்பது 185 வாட்-மணி, நம் பெட்டிக்கு அரை நாள். லித்தியத்தை மே மாத மதியம் மூடிய காருக்குள் விடுவதும் கூடாது. அதற்கும் வெயில் ஆகாது.

பேனல்: காஞ்சிபுரத்துக்குக் கிடைக்கும் வெயில் வருடச் சராசரியில் நாளுக்கு 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். 100 வாட் பேனல் என்ற பெயர் 25 டிகிரிச் செல்லுக்குக் கொடுத்தது. மே மாதத்தில் செல் 60 டிகிரிக்கு மேல் போகும், அதிலேயே பத்துக்கு மேற்பட்ட சதவீதம் போச்சு. தூசி, கன்ட்ரோலர், வயர் எல்லாம் கழித்தால் நூற்றுக்கு அறுபத்தைந்து தேறும். 400-ஐ ஈடுகட்ட 125 வாட் பேனல், முந்தின நாள் பற்றாக்குறையையும் நிரப்ப 200 வாட். கார்த்திகை மழையில் அதுவும் பாதியாகிவிடும். பேனல் செல்கள் தொடராகக் கோத்தவை, ஒரு வேப்பங்கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலும் விளைச்சல் மொத்தமாகச் சரியும். ஆக, பேனலுக்குப் பொட்டல் வெயில் வேண்டும், ஃபிரிட்ஜுக்கு அடர்ந்த நிழல் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் அமையாது. இடையில் நீளும் வயர் தடிப்பாக இருந்தே தீரவேண்டும். பெட்டியைப் பேனல் நிழலிலேயே வைத்துவிடலாம் என்பவர்கள், பேனலின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

குளிருக்கு இத்தனை கணக்கு பார்த்தோம்; தீக்குக் கணக்கு எழுதிய கூரம் செப்பேடு என்று ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் அந்த ஊர்க் கோயிலுக்குக் கொடுத்த தானப் பட்டயம். பாலாற்றுத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசும் அந்தப் பட்டயம், ஊர் மண்டபத்தில் பாரதம் படிக்க ஒரு பங்கு ஒதுக்கியதுபோல், மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைக்க என்றே ஒரு பங்கு ஒதுக்குகிறது. தீக்கு வரவு செலவு எழுதிய ஊர். குளிருக்கு மானியம் எழுத அந்தக் காலத்து அரசனாலும் முடிந்திருக்காது.

இன்றைக்குக் குளிருக்கான செலவு கூடாரம் போடுகிறவருக்கு மட்டும் வருவதில்லை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது காஞ்சிபுரம், திருவள்ளூர், சென்னை வட்டாரங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட வாரத்தில் இந்தக் கணக்கு முழுவதும் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே, கரண்ட் இருக்கும்போதே, ஃப்ரீசரில் இருக்கும் காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டில் அடுக்கி உறையவிட வேண்டும், கழுத்து வரை நிரப்பாமல், ஐஸ் விரிய இடம் விட்டு. கரண்ட் போனதும் இன்சுலினையும் குழந்தைக்கான பாலையும் மட்டும் சின்ன நுரைப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டு, பெரிய ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டுவிடலாம். பாட்டில்கள் உருகி முடிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் 12 வோல்ட் பெட்டிக்கும், வாசலில் நிற்கும் வண்டியின் பேட்டரிக்கும் வேலை. அப்போதும் ராத்திரி முழுக்க ஓட்டாமல், பகலில் எஞ்சினை இயக்கும் நேரத்தில் ஓட்டி, பாட்டில்களை மறுபடி உறையவைத்துக்கொள்வது நல்லது. வண்டியை வீட்டுக்குள்ளோ மூடிய ஷெட்டிலோ நிறுத்தி எஞ்சினை ஓடவிடாமல், திறந்த வெளியிலேயே ஓட்ட வேண்டும்.